1950களின் அலாஸ்கா டோப்போ ஷீட்டில் ஒரு காட்டாற்றை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அலாஸ்காவில் சாலை எட்டிப் பார்க்காத ஆறுகள்தான் அதிகம். நோட்டாக், கோபுக், கோயுகுக், சார்லி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் பலவற்றை ஓடை ஓடையாக, மேடு மேடாக முதன்முதலில் காகிதத்தில் கொண்டுவந்தவை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம், அதாவது யு.எஸ்.ஜி.எஸ்., இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அச்சடித்த டோப்போ ஷீட்கள், அதாவது நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடத் தாள்கள். அளவை 1:63,360. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல். நம் இந்திய சர்வேயின் பழைய ஷீட்களும் இதே அளவையில் வந்தவைதான் என்பதால், கல்லூரியில் புவியியல் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

இன்றைக்கும் இந்த ஷீட்கள் வேலைக்கு ஆகின்றன. ஆற்றுப் பயணம் திட்டமிடுகிறவர்கள், பனியாறுகள் எவ்வளவு பின்வாங்கின என்று அளப்பவர்கள், ஆறு தடம் மாறிய கதையைத் தேடுகிறவர்கள், என்னைப்போல் சும்மா வரைபடம் பார்த்துக்கொண்டே பொழுது போக்குகிறவர்கள் என எல்லாருக்கும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகோட்டிக்காக யாரும் இவற்றை வரையவில்லை. ராணுவம், விமானப் போக்குவரத்து, கனிமம், அணைக்கட்டு, இவைதான் காரணங்கள். யூகான் ஆற்றின் ராம்பார்ட் பள்ளத்தாக்கில் ஈரி ஏரியைவிடப் பெரிய நீர்த்தேக்கம் கட்டலாமா என்று 1950களிலும் 60களிலும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1967-ல் உள்துறை அமைச்சகம் வேண்டாம் என்ற பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அணை கட்ட நினைப்பவருக்குப் பள்ளத்தாக்கின் உருவம் வேண்டும். ஆற்றுக்குள் எந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்பது வேண்டாம். எனவே இந்த ஷீட்களில் மலையை நம்பலாம், தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சந்தேகத்தை எப்படி முறையாகப் படுவது என்பதற்குத்தான்.

படி 1: உங்கள் ஆற்றுக்கு எந்த ஷீட்?

அலாஸ்கா முழுவதும் 1:2,50,000 அளவையில் 153 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்குள்ள ஊர், ஆறு அல்லது மலையின் பெயர். தெற்கிலிருந்து வடக்காக 1 டிகிரி உயரம். ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி நறுக்கினால் 1:63,360 ஷீட்கள் கிடைக்கும். நறுக்கிய வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து. பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாம் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக எண்ணிப் பழகியவர்கள். இங்கே ஏ வரிசை அடியில், அதாவது தெற்கில், தொடங்குகிறது. 1-ஆம் பத்தி வலது பக்கம், அதாவது கிழக்கில், தொடங்குகிறது.

சார்லி ஆற்றை எடுத்துக்கொள்வோம். தெற்கே ஈகிள் கட்டத்து மலைகளில் பிறந்து வடக்கே வந்து யூகானில் விழுகிறது. அது யூகானோடு கூடும் இடம் ஏறத்தாழ 65 டிகிரி 19 நிமிடம் வடக்கு, 142 டிகிரி 47 நிமிடம் மேற்கு. 65-க்கும் 66-க்கும் நடுவே, 141-க்கும் 144-க்கும் நடுவே இருப்பது 'சார்லி ரிவர்' கட்டம். வரிசை ஒவ்வொன்றும் 15 நிமிடம்: 65.00 முதல் 65.15 வரை ஏ, அடுத்த 15 நிமிடம் பி. நமக்கு 19 நிமிடம், ஆக பி. பத்தி ஒவ்வொன்றும் இந்த அட்சரேகையில் 30 நிமிடம்: 141 முதல் 141.30 வரை 1, அங்கிருந்து 142 வரை 2, பிறகு 142.30 வரை 3, அதற்கு அடுத்தது 4. ஆக 'சார்லி ரிவர் பி-4'. (இங்கே புள்ளிக்குப் பின் வருவது நிமிடம், தசமம் அல்ல.)

பத்தியின் அகலம் எங்கும் ஒரே மாதிரி இருக்காது. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், தென்கோடி ஷீட்கள் 20 நிமிடம் அகலமும் வடகோடி ஷீட்கள் 36 நிமிடம் அகலமும் கொண்டவை. நடு அலாஸ்காவுக்கு 30 என்று வைத்துக்கொண்டால் போதும்.

படி 2: இறக்குவது

யு.எஸ்.ஜி.எஸ். நடத்தும் டோப்போவியூ தளத்தில் பழைய ஷீட்கள் எல்லாம் இலவசம். இடத்தைப் பெரிதாக்கி, அளவையைத் தேர்ந்தெடுத்தால் அந்த இடத்துக்கு வந்த பதிப்புகள் எல்லாம் ஆண்டு வாரியாக வரிசை கட்டும். ஒன்றோடு நிறுத்தாதீர்கள், முதல் பதிப்பு, கடைசிப் பதிப்பு இரண்டையும் எடுங்கள். கணினியில் மற்ற அடுக்குகளோடு ஒட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஜியோடிஃப் வடிவம், அச்சடிக்க மட்டும் என்றால் பி.டி.எஃப். அதே இடத்தின் 1:2,50,000 ஷீட்டையும் கூடவே இறக்கிவிடுங்கள். ஆற்றை முழு நீளத்துக்கும் ஒரே பார்வையில் பார்க்க அதுதான் வசதி.

படி 3: ஆற்றைப் பார்க்கும் முன் ஓரத்தைப் படியுங்கள்

ஷீட் கிடைத்ததும் கண் நேராக ஆற்றுக்குத்தான் ஓடும். ஓடட்டும், ஒரு நிமிடம் ரசித்துவிட்டுக் கீழ் ஓரத்துக்கு வாருங்கள். இடது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் நாலைந்து வரிகள்தான் இந்த ஷீட்டின் ஜாதகம்.

அதில் மூன்று வகை ஆண்டுகள் இருக்கும், அவற்றைக் கலந்துவிடக் கூடாது. விமானப் படம் எடுத்த ஆண்டு ஒன்று. களத்தில் சரிபார்த்த ஆண்டு இன்னொன்று. பல அலாஸ்கா ஷீட்களில் இது இருக்கவே இருக்காது. கடைசியாக, ஷீட்டின் பெயருக்கு அருகே கொட்டையாக இருக்கும் பதிப்பு ஆண்டு. எடுத்துக்காட்டுக்கு, ஒரு ஷீட்டின் தலையில் 1956 என்றும் ஓரத்தில் 'விமானப் படம் 1950' என்றும் இருந்தால், நீங்கள் பார்க்கும் ஆறு 1950-ன் ஆறு. அதே ஷீட் 1970களில் மறுபடி அச்சாகியிருந்தாலும், சிறு திருத்தம் என்று மட்டும் போட்டிருந்தால், ஆறு இன்னும் 1950-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அச்சு ஆண்டைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

சில மறுபதிப்புகளில் ஊதா நிறத்தில் கோடுகள் வந்திருக்கும். புதிய விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்த திருத்தம் அது; களத்தில் யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, 'தேசிய வரைபடத் துல்லிய நெறிகளுக்கு உட்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். 1947-ல் கடைசியாகத் திருத்தப்பட்ட அந்த நெறிப்படி, தெளிவான புள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு காகிதத்தில் ஐம்பதில் ஒரு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இந்த அளவையில் அது தரையில் சுமார் 105 அடி. உயரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு, சம உயரக் கோட்டு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) இடைவெளியில் பாதிக்குள் இருக்க வேண்டும். இடைவெளி 100 அடி என்றால் 50 அடி வரை தப்பு அனுமதி. இந்த 50 அடியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், படி 6-ல் வேலை இருக்கிறது.

இடைவெளி எவ்வளவு என்பதும் அங்கேதான் இருக்கும். அலாஸ்காவின் ஒரு அங்குல ஷீட்களில் 25, 50, 100 அடி என்று நிலத்துக்கேற்ப மாறும். உங்கள் ஆறு இரண்டு ஷீட்களில் ஓடினால், இரண்டிலும் ஒரே இடைவெளிதானா என்று தனித்தனியாகப் பாருங்கள். 50 அடி ஷீட்டிலிருந்து 100 அடி ஷீட்டுக்குள் நுழையும்போது கோடுகள் திடீரெனக் குறைந்துவிடும்; ஆறு சாதுவாகிவிட்டது போலத் தோன்றும். ஆறு அப்படியேதான் இருக்கிறது.

படி 4: இது எப்படி வரையப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள். எந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது.

1940களின் தொடக்கத்தில், அலாஸ்காவுக்கு மேலே பறக்க வரைபடமே இல்லாத அவசரத்தில், 'டிரைமெட்ரோகான்' என்ற முறையில் படம் பிடித்தார்கள். ஒரே விமானத்தில் மூன்று கேமரா. ஒன்று நேர் கீழே பார்க்கும், மற்ற இரண்டும் இடமும் வலமுமாகச் சாய்ந்து பார்க்கும். மூன்றும் சேர்ந்து ஒரு அடிவானத்திலிருந்து மறு அடிவானம் வரை வளைத்துவிடும். 20,000 அடி உயரத்தில் ஒருமுறை பறந்தாலே பெரும்பரப்பு கிடைத்துவிடும். ஆனால் சாய்ந்த படத்தில் தொலைவில் இருப்பது சின்னதாகவும், மலைக்குப் பின்னால் இருப்பது தெரியாமலும் போகும். விமானச் சார்ட்டுக்கு அது போதும். அதனால்தான் பழைய 1:2,50,000 ஷீட்களில் சில பள்ளத்தாக்குகள் கையால் தடவி வரைந்ததுபோல் மொழுக்கென்று இருக்கின்றன. ஒரு அங்குல ஷீட்களுக்குப் பிற்பாடு நேர் கீழே பார்த்து எடுத்த படங்கள் வந்தன.

படம் மட்டும் இருந்தால் போதாது. தரையில் சில புள்ளிகளின் இடமும் உயரமும் துல்லியமாகத் தெரிந்தால்தான் படத்தை அவற்றோடு கட்டிப்போட முடியும். முன்பு குதிரையிலும் தோணியிலும் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரு கோடைக்காலம் முழுவதும் நடந்தார்கள். 1948-ல் அலாஸ்காவில் யு.எஸ்.ஜி.எஸ். இந்த வேலைக்கு ஹெலிகாப்டரை இறக்கியது. அதன்பிறகு ஒரு சிகரத்திலிருந்து அடுத்த சிகரத்துக்குப் போக நிமிடங்களே ஆயின. 1950களின் பின்பாதியில் டெல்லுரோமீட்டர் என்ற கருவியும் வந்தது. தென்னாப்பிரிக்காவின் டிரெவர் வாட்லி கண்டுபிடித்தது. ரேடியோ அலை போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு பல மைல் தூரத்தை அளந்துவிடும். கவனியுங்கள்: இவர்கள் இறங்கியது பார்வை மறைக்காத உச்சிகளில். ஆற்றங்கரையில் அல்ல. எனவே ஷீட்டில் துல்லியம் மலை உச்சியில் அதிகம், பள்ளத்தாக்கின் அடிக்கு வர வரக் குறைவு.

அப்புறம் அறைக்குள் நடக்கும் வேலை. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள் பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எடுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கண்ணாடித் தகடுகளில் பதித்து, இருட்டறையில் ஒரு மேசைமேல் மேலிருந்து ஒளி பாய்ச்சுவார்கள். ஒரு தகட்டுக்குச் சிவப்பு ஒளி, மற்றதற்கு நீலப்பச்சை. வரைபவர் ஒரு கண்ணில் சிவப்பும் மறுகண்ணில் நீலப்பச்சையுமான கண்ணாடி மாட்டிக்கொண்டால், மேசைமேல் மலையும் பள்ளமும் எழுந்து நிற்கும். மல்டிப்ளெக்ஸ், கெல்ஷ் பிளாட்டர் என்ற கருவிகள் எல்லாம் இந்த வகைதான். மேசைமேல் நகரும் சின்ன வெள்ளைத் தட்டு ஒன்று. அதன் நடுவில் குண்டூசி முனை அளவு ஒளிப்புள்ளி. நேர் கீழே பென்சில். தட்டை 1,200 அடி உயரத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் புள்ளி தரையைச் சரியாகத் தொடும் இடம் வழியாகவே நகர்த்திக்கொண்டு போனால் பென்சில் வரைவது 1,200 அடி சம உயரக் கோடு. புள்ளி தரைக்குமேல் மிதந்தாலும் தவறு, தரைக்குள் புதைந்தாலும் தவறு. ஆறு வரையும்போது உயரத்தை நிறுத்த முடியாது. தண்ணீர் இறங்க இறங்கத் தட்டையும் இறக்கிக்கொண்டே தொடர வேண்டும்.

இதில் மூன்று இடத்தில் கண் ஏமாறும். முதலாவது மரம். அடர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டில் தெரிவது தரையல்ல, மரத்தின் உச்சி. மர உயரத்தைக் கழித்து மதிப்பாகத்தான் போடுவார்கள். இரண்டாவது நிழல். அவ்வளவு வடக்கே கோடையிலும் சூரியன் தாழ்வாகவே இருக்கும். செங்குத்துப் பள்ளத்தாக்கின் ஒரு சுவர் கன்னங்கரேலென்று இருக்கும், அதற்குள் ஆறு இருக்கிறது என்று மட்டும் தெரியும். மூன்றாவது தண்ணீரே. வெயில் பட்டுப் பளபளக்கும் நீரில் அலை எது, பாறை எது என்று பிரிக்க முடியாது.

அதாவது ஆறு மிகவும் ஆபத்தாக இருக்கும் குறுகிய பள்ளத்தாக்கில்தான் இந்த வரைபடம் மிகவும் பலவீனமாக இருக்கிறது. எனக்கு இந்தப் பழைய ஷீட்கள் மீது எவ்வளவோ பிரியம் உண்டு. ஆனாலும் பள்ளத்தாக்கு என்றால் அதை மட்டும் நம்பி யாரையும் போகச் சொல்லமாட்டேன்.

படி 5: நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா?

பழுப்பு நிலத்தின் உருவம், நீலம் தண்ணீர், பச்சை காடு, கறுப்பு மனிதர் கட்டியவை. ஒவ்வொரு நிறமும் தனித்தனித் தகட்டிலிருந்து அச்சாகும். தகடு சற்று நகர்ந்தால் ஆறு கரைமேல் ஏறி ஓடுவதுபோல் தெரியும்.

சோதிப்பது எளிது. சம உயரக் கோடு ஓடையைக் கடக்கும்போது ஒரு 'வி' வடிவம் காட்டும். அதன் முனை எப்போதும் மேல்நோக்கி, ஆறு வரும் திசையைப் பார்த்திருக்கும். அந்த முனை சரியாக நீலக் கோட்டின்மேல் உட்கார வேண்டும். ஷீட் முழுக்க எல்லா முனைகளும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகியிருந்தால் அது அச்சுக் கோளாறு, பயப்பட வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் விலகியிருந்தால் வரைந்தவருக்கே அங்கே சந்தேகம் இருந்திருக்கிறது. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

படி 6: ஆற்றின் வாட்டம் கணக்கிடுவது

மொட்டைமாடித் தளம் போடும்போது கொத்தனார் பார்க்கும் அதே வாட்டம்தான்: எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு இறக்கம். இங்கே மைலுக்கு எத்தனை அடி என்று சொல்வது வழக்கம்.

முதலில் சம உயரக் கோடுகள் ஆற்றைக் கடக்கும் இடங்களை எல்லாம் தேடிப் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தை எழுதுங்கள். கோட்டின்மேல் எண் இல்லையென்றால் பக்கத்துத் தடித்த கோட்டைத் தேடி, அதில் உள்ள எண்ணிலிருந்து எண்ணி வாருங்கள். பிறகு அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஆற்று நீளத்தை அளக்க வேண்டும். காகிதத்தில் என்றால் ஈர நூல் ஒன்றை வளைவோடு வளைவாக ஒட்டி எடுத்து நீட்டி அளக்கலாம். ஒரு அங்குலம் ஒரு மைல் என்பதால் வேறு கணக்கே வேண்டாம். நூல் 4 அங்குலம், இறக்கம் 100 அடி என்றால் வாட்டம் மைலுக்கு 25 அடி. முடிந்தது. நூலோ மவுஸோ சின்ன வளைவுகளை வெட்டிவிடும் என்பதால் உண்மையான நீளம் கொஞ்சம் கூடுதலாகவும், வாட்டம் கொஞ்சம் குறைவாகவும்தான் இருக்கும்.

சார்லி ஆறு சுமார் 108 மைல் நீளத்தில் 4,000 அடி உயரத்திலிருந்து 700 அடிக்கு இறங்குகிறது. சராசரி மைலுக்கு 31 அடி. வேகமான ஆறு. ஆனால் இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது, இரண்டு காரணங்களுக்காக.

ஒன்று, ஆறு தன் இறக்கத்தைச் சமமாகப் பங்கு போடுவதில்லை. கொலராடோ ஆறு கிராண்ட் கேன்யனில் மைலுக்குச் சராசரி 8 அடிதான் இறங்குகிறது. சார்லியில் கால்வாசி. ஆனால் உலகம் அறிந்த பெரும் நுரைநீர்ப் பாய்ச்சல்கள் அங்கேதான் இருக்கின்றன. 1923-ல் கிளாட் பேர்ட்ஸை தலைமையில் யு.எஸ்.ஜி.எஸ். குழு அந்தப் பள்ளத்தாக்கைப் படகில் போய் அளந்தது. அந்த அளவுகளை வைத்து ஆற்றியல் அறிஞர் லூனா லியோபோல்டு 1969-ல் கணக்குப் பார்த்தபோது, மொத்த இறக்கத்தில் பாதி, நீளத்தில் வெறும் 9 விழுக்காட்டில் நடந்துவிடுகிறது என்று தெரிந்தது. மீதி எல்லாம் குளம்போல் கிடக்கும் நீர்.

இரண்டு, படி 3-ல் குறித்துக்கொண்ட அந்த 50 அடி. மைலுக்கு 10 அடி இறங்கும் ஆற்றில், உயரத்தில் 50 அடி தப்பு என்றால் கோடு ஆற்றைக் கடக்கும் புள்ளி 5 மைல் தள்ளிப் போய்விடலாம். மோசமான நிலைமையைச் சொல்கிறேன், எல்லா இடத்திலும் அப்படி இருக்காது. என்றாலும் ஒரே ஒரு இடைவெளியை வைத்து 'இங்கே ஆறு சாது' என்று எழுதிவிடாதீர்கள். மெதுவாக ஓடும் ஆற்றில் குறைந்தது மூன்று நான்கு கோடுகளைச் சேர்த்துச் சராசரி பாருங்கள். செங்குத்தான மேல்பகுதியில் இந்தத் தப்பு தானாகவே சுருங்கிவிடும். மைலுக்கு 100 அடி இறங்கும் இடத்தில் அதே 50 அடி அரை மைல்தான்.

100 அடி இடைவெளி உள்ள ஷீட்டில் 40 அடி அருவி ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள். கோடுகள் கரையை இறுக்கிப் பிடிக்கும் இடம், பக்கவாட்டிலிருந்து செங்குத்தான ஓடை வந்து சேரும் இடம், இரண்டையும் குறியுங்கள். அந்த ஓடைகள் உருட்டிவரும் பாறைகள்தான் பெரும்பாலும் ஆற்றை மறித்துப் பாய்ச்சலை உண்டாக்குகின்றன.

படி 7: நீலக் கோடு சொல்வதும் சொல்லாததும்

அகலமான ஆறு இரண்டு கரையோடு இரட்டைக் கோடாக, நடுவில் நீலச் சாயத்தோடு இருக்கும். ஒடுங்கிய பகுதி ஒற்றைக் கோடு. ஒற்றைக் கோடு இரட்டையாகும் இடத்தில் ஆறு திடீரென அகலமாகிறது என்று நினைக்க வேண்டாம். வரைபவர் விதியை மாற்றிக்கொண்ட இடம் அது.

பழுப்புப் புள்ளிகள் தூவியிருந்தால் மணல் அல்லது சரளைத் திட்டு. இறங்கி முகாம் போடத் தோதான இடம். ஆனால் அது படம் எடுத்த நாளின் நீர்மட்டத்தில் தெரிந்த திட்டு. ஆற்றுக்குக் குறுக்கே குட்டி நீலக் கோடுகள் இருந்தால் பாய்ச்சல். குறி இருந்தால் நிச்சயம் பெரியது. குறி இல்லையென்றால், இல்லை என்று அர்த்தமல்ல.

படி 8: எழுபது ஆண்டில் என்ன மாறியது?

இப்போதுதான் ஷீட்டையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். கியூஜிஸ் போன்ற இலவச மென்பொருளில் ஜியோடிஃப்பைத் திறந்து, மேல் அடுக்கின் ஒளிபுகுதன்மையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் போதும்.

பாறைக்குள் வெட்டிக்கொண்டு ஓடும் பகுதி அநேகமாக அப்படியே பொருந்தும். சமவெளியில் பாம்பாக நெளியும் பகுதியில் சில வளைவுகள் அறுந்து குதிரைக் குளம்பு ஏரியாகியிருக்கும். பனியாற்றிலிருந்து வரும், சடைபோலப் பல கிளையாகப் பிரிந்து பின்னி ஓடும் ஆறுகளில் ஷீட்டில் இருக்கும் எந்தக் கிளையையும் நம்பாதீர்கள். அடுத்த வெள்ளத்திலேயே மாறிவிடக்கூடியவை, எழுபது ஆண்டு தாங்குமா? பள்ளத்தாக்கின் இரு ஓரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பனியாறுகளின்மேல் சம உயரக் கோடு நீல நிறத்தில் இருக்கும். அந்த உயரங்கள் பனியின் உயரங்கள், பனி இன்று அங்கே இல்லாமலும் இருக்கலாம். கொலம்பியா பனியாறு 1980 வாக்கில் பின்வாங்கத் தொடங்கி 20 கிலோமீட்டருக்கும் மேல் போய்விட்டது. பழைய ஷீட்டில் பனி இருந்த இடத்தில் இன்று கடல். பனி உருகினால் ஆறே ஊர் மாறிவிடுவதும் உண்டு. எல்லைக்கு அப்பால், கனடாவின் யூகான் பகுதியில், கஸ்கவுல்ஷ் பனியாற்றின் உருகுநீரில் பெரும்பங்கு ஸ்லிம்ஸ் ஆறு வழியாகக் குளுவானி ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. 2016 மே மாதம் பனி பின்வாங்கியதில் அந்த நீர் வேறு வழி கண்டுபிடித்து ஆல்செக் ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்லிம்ஸ் சில நாட்களிலேயே வற்றி, படுகையில் புழுதி பறந்தது. பழைய வரைபடத்தில் அது இன்னும் அகலமான நீல ஆறு.

தெற்குக் கரைக்கு அருகே உள்ள ஷீட் என்றால் 1964 மார்ச் நிலநடுக்கத்துக்கு முன்னதா பின்னதா என்று பாருங்கள். சில இடங்களில் கரையே பல அடி உயர்ந்துவிட்டது.

சந்தேகம் தீரவில்லையா? வரைபடத்துக்கு மூலமான விமானப் படங்களையே பார்க்கலாம். யு.எஸ்.ஜி.எஸ்.-ன் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஒற்றைப் படச் சட்டங்கள் என்ற பிரிவில் பழைய படங்கள் கிடைக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு சட்டங்களை இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு படத்தையும் ஒன்றாக்கி மேடுபள்ளம் காட்டும் ஒரு சின்ன ஸ்டீரியோஸ்கோப் வழியாகப் பாருங்கள். அந்த வரைபவர் பார்த்த அதே பள்ளத்தாக்கு எழுந்து நிற்கும். அவர் எங்கே கோடு போட்டார், எங்கே நிழலில் தடுமாறினார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியில் நேரம் அதிகம் எடுக்கும் வேலை இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுதான்.

படி 9: வடக்கு எது, டேட்டம் எது

காந்த வடக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கிழக்கு அலாஸ்காவின் 1950களின் ஷீட்களில் காந்த விலக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் நடுவே உள்ள கோணம், கிழக்கே 30 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்று அதே இடத்தில் 20 டிகிரிக்கும் கீழே வந்துவிட்டது. 10 டிகிரி தப்பாக நடந்தால் ஒரு மைலுக்கு 900 அடிக்கு மேல் விலகிப் போவீர்கள். ஷீட்டில் அச்சான விலக்கத்தை அடித்துவிட்டு, அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் கணிப்பானில் இன்றைய எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

டேட்டமும், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்கு அடிப்படையாக வைக்கும் அளவுச் சட்டமும், அப்படித்தான். இந்த ஷீட்கள் 1927 வட அமெரிக்க டேட்டத்தில் வரையப்பட்டவை; உங்கள் ஜி.பி.எஸ். வேறு டேட்டத்தில் பேசும். ஷீட்டிலிருந்து எண்ணைப் படித்து அப்படியே கருவியில் போட்டால் அலாஸ்காவில் 100 மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டலாம். மேட்டில் பரவாயில்லை. ஆற்றில் அது எதிர்க்கரை. கருவியின் அமைப்பில் அலாஸ்காவுக்கான என்.ஏ.டி. 27 என்று மாற்றிவிடுங்கள்.

சிவப்புக் கோட்டில் சதுரம் சதுரமாக ஊராட்சி எல்லைபோல் தெரிவதைத் தரையில் தேட வேண்டாம். காட்டுப் பகுதியில் அவற்றில் பெரும்பாலானவை மேசையில் கணக்குப் போட்டு வரைந்தவை. கல் எதுவும் நட்டிருக்காது.

படி 10: குடிசைகளும் பெயர்களும்

கரையில் தனியாக ஒரு கறுப்புக் கட்டம், பக்கத்தில் 'கேபின்' என்ற சொல். பொறி வைத்து விலங்கு பிடித்தவர்களின் அல்லது தங்கம் தேடியவர்களின் குடிசை. 1943 டிசம்பரில் சார்லி ஆற்றுப் பக்கம் பி-24 விமானம் ஒன்று விழுந்தபோது தப்பிப் பிழைத்த விமானி லியான் கிரேன், இப்படி ஒரு குடிசையில் கிடைத்த உணவாலும் துணியாலும்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டி, ஆற்றோடு நடந்து, 1944 மார்ச்சில் யூகானை எட்டினார். ஆனால் இன்று ஷீட்டைப் பார்த்து அப்படி ஒரு குடிசையை நம்பித் திட்டம் போடக் கூடாது. பாதி இடிந்திருக்கும், சில எரிந்திருக்கும், இருப்பவை யாருடைய சொத்தோ.

குடிசைகளைவிடப் பழைய சுரங்கத் தடங்களைக் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் அவை ஆற்றையே மாற்றியிருக்கின்றன. ஃபார்ட்டிமைல் ஆற்றின் வடகிளையில் 'கிங்க்' என்ற இடம் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் தங்கம் தேடியவர்கள், ஏறத்தாழ 3 மைல் சுற்றி வரும் வளைவை வற்றவைத்துப் படுகையில் தோண்டலாம் என்று, வளைவின் கழுத்தில் இருந்த பாறை முகட்டை வெடி வைத்து உடைத்தார்கள். 3 மைலில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்த ஆறு, அந்த இறக்கம் முழுவதையும் ஒரே வெட்டில் இறங்கும்படி ஆயிற்று. இன்று படகோட்டிகள் கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கும் இடம் அது. வாட்டக் கணக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

பெயர்களை முழுதாக நம்பத் தேவையில்லை. பெயர் இல்லாத ஓடைகள் ஏராளம். பெயர் இல்லாததால் ஓடை சின்னது என்று எண்ண வேண்டாம். ஒரே பெயரில் பத்து ஓடைகளும் உண்டு, அதனால் யாரிடமாவது இடம் சொல்லும்போது பெயரோடு ஷீட் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 11: அச்சடிப்பது

2013 முதல் அலாஸ்காவுக்கு 1:25,000 அளவையில் புதிய யு.எஸ். டோப்போ ஷீட்கள் வந்திருக்கின்றன. ரேடார் மூலம் அளந்த உயரங்கள், மீட்டர் கணக்கு. ஆற்றின் இன்றைய தடத்துக்கு அதையும், பள்ளத்தாக்கின் மொத்த உருவம் ஒரே பார்வையில் பிடிபடப் பழைய ஒரு அங்குல ஷீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். புதியதில் மீட்டர், பழையதில் அடி என்பதால் குழம்பாமலிருக்க இரண்டிலும் அலகைச் சிவப்பில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

நீங்கள் கணக்கிட்ட வாட்டம், வட்டமிட்ட இடங்கள், இன்றைய காந்த விலக்கம், விமானப் படம் எடுத்த ஆண்டு, இவை அத்தனையும் ஷீட்டின் மேலேயே இருக்க வேண்டும், தனித் தாளில் அல்ல. நீர்புகாத காகிதத்தில் லேசர் அச்சு நல்லது. இங்க்ஜெட் மை ஒரே மழையில் கரையும். அச்சடிக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 விழுக்காட்டில் வையுங்கள். தாள் வெளியே வந்ததும் அடியில் இருக்கும் மைல் பட்டையில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு மைல் 25.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாளில் நூல் வைத்து எதையும் அளக்காதீர்கள், மறுபடி அச்சடியுங்கள்.